பரிசல்மேட்டுத் துறைமுகத்தின் வீழ்ச்சி

எங்கள் பக்கத்தில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆகவே, போன மாசி மாதம் எங்கள் பக்கத்துத் துறைமுக நகரம் ஒன்று மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு எதிரியிடம் சரணடைந்தது என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பரிசல்மேட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பரிசல்மேடு என்பது ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கீழே, காவிரிக் கரையில் பதினோரு வீடுகள். அவ்வளவுதான் ஊர்.

போர்க்கால ஆயத்தப் பயிற்சி இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் இயக்குநர், மண்டலத்துக்கு ஒரு துணை இயக்குநர், ஆளுக்கொரு ஜீப், ஜீப்புக்கொரு சைரன். போர் இல்லாத காலத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? சுற்றறிக்கை அனுப்புவார்கள். அந்த வருடத்துச் சுற்றறிக்கை, எல்லா மண்டலங்களும் மார்ச் முடிவதற்குள் 'துறைமுக நகர முற்றுகையும் சரணடைவும்' என்ற பயிற்சியை நடத்திப் படிவம் 14-இல் அறிக்கை தர வேண்டும் என்றது.

சேலம் மண்டலத்துத் துணை இயக்குநர் ஜெரால்ட் கெட்ட மனிதர் இல்லை. சட்டைப் பையில் ஜெபமாலை வைத்திருப்பார். மேலதிகாரியின் போன் வந்தால் முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் போனைத் தொடுவார். அவர், "இம்மண்டலத்தில் கடல் இல்லை" என்று பணிவோடு எழுதினார். "கடல் இல்லாமையை உரிய காலத்தில் ஏன் தெரிவிக்கவில்லை என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்" என்று பதில் வந்தது. பயந்துபோய் இணையதளத்தைத் திறந்தார். 'துறைமுகத்தின் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. 'இல்லை' என்று அடித்துப் பார்த்தார். 'இல்லை' துறைமுகத்தின் கப்பல் தளங்கள் எத்தனை என்று கேட்டது.

அப்புறம்தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிக் கிளம்பினார்.

பச்சமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. பரிசல்மேட்டில் ஒரு ஏக்கர் பதினெட்டு சென்ட். அதில் இருபத்தாறு தென்னை, மீதியில் கரும்பு, ஒரு கிணறு, ஒரு மாடு, தளம் போட்ட சின்ன வீடு. உலகத்தில் அவருக்கு இருந்தது அதுதான். மனைவி குஞ்சம்மாள். ஒரே மகள் சரிதாவை எடப்பாடியில் ஒரு தறிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று.

பச்சமுத்து பயந்த மனிதர். பேய்க்கும் பாம்புக்கும் பயப்படமாட்டார். காகிதத்துக்குப் பயப்படுவார். அதற்குக் காரணம் உண்டு. ஆட்டையாம்பட்டிப் பக்கம் குஞ்சம்மாளின் தம்பிக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஒருநாள் காலையில் தோப்புக்குள் யாரோ சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு வெள்ளைக்கல் வந்தது. மூன்றாம் மாதம் நோட்டீஸ் வந்தது. இப்போது அந்த இடத்தில் ரோடு போகிறது. மச்சினன் அதே ரோட்டோரத்தில் உட்கார்ந்து இளநீர் விற்கிறான், வேறு யாருடைய தோப்பிலிருந்தோ வாங்கி வந்து.

அதிலிருந்து பச்சமுத்துவுக்கு ஒரு வழக்கம் முற்றிப்போயிற்று. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் எவரைக் கண்டாலும் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு முதுகை வளைத்து நிற்பார். அவருடைய அப்பனும் அப்படித்தான் நின்றார். கரண்டு மீட்டர் பார்க்க வருகிற பையனுக்கும் அதே மரியாதைதான்.

"ஏனுங்க, அந்தத் துண்டு தோள்லயே கெடந்தா ஆருக்கு என்னங்க நோவுது?" என்பாள் குஞ்சம்மாள்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்பார்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினால் கொட்டாய்க்குப் பின்னால் ஒருவன் டப்பாவிலிருந்து சுண்ணாம்புப் பொடியைக் கொட்டிக்கொண்டே வருகிறான். கோடு நேராகக் கிணற்றைப் பார்த்துப் போகிறது. பச்சமுத்துவின் தோளிலிருந்து துண்டு கைக்கு வந்தது.

"சார், அளக்கறீங்களாங்க?"

"இல்லீங்க ஐயா." நவீன்குமார் என்ற அந்த ஒப்பந்த ஊழியனும் இந்தப் பக்கத்துப் பையன்தான். "இது அலைதடுப்புச் சுவருங்க."

"அது எதுக்குங்க?"

"கடல் அலை உள்ள வராம இருக்கறதுக்குங்க."

பச்சமுத்து காவிரியைப் பார்த்தார். மாசி மாதத்துக் காவிரி பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எருமை அதில் படுத்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினார்.

"குஞ்சு, கோடு போட்டுட்டாங்க."

"எங்கீங்க?"

"கொட்டாயிலிருந்து கெணறு வரைக்கும்."

குஞ்சம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஜெரால்ட் வந்து, பச்சமுத்து துறைமுக அதிபராக நியமிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். "ஊர்லயே உங்க வீட்டுக்குத்தான் மொட்டைமாடி இருக்கு. பட்டாவும் உங்க பேர்லயே இருக்கு. அதிபருக்கு இந்த ரெண்டும்தான் தகுதி."

"எனக்கு வேண்டாங்க சார்."

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்குங்க. சொன்னீங்கன்னா, 'ஒத்துழைக்க மறுத்தார்'னு உங்க சர்வே நம்பரைப் போட்டு எழுதிக்குவோம். வேற ஒண்ணுமே பண்ண மாட்டோம்."

பச்சமுத்து அதிபரானார்.

எதிரிப் படைத் தளபதி பதவிக்கு நிரந்தர ஊழியர்கள் யாரும் முன்வரவில்லை. எதிரியாக இருந்தது பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டால் ஓய்வூதியம் என்னாகும் என்று பயம். ஆகவே அந்தப் பதவி நவீன்குமாருக்குப் போயிற்று. கையில் ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அணைக்கட்டில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற ஒன்பது பரிசல்கள் எதிரிக் கடற்படை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சைரன் ஊத, முற்றுகை தொடங்கியது. ஊருக்குள் வருகிற ஒரே மண்பாதையில் கயிறு கட்டினார்கள். தொடங்கிவைக்க இயக்குநரே வந்திருந்தார். உயரமான மனிதர், கறுப்புக் கண்ணாடி. பச்சமுத்துவின் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மிளகாயை ஒதுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, வெற்றிக்கு எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். தோல்விக்கு யார் தயார்? நாளைக்கே எதிரி வந்து நிற்கிறான். சரணடைய வேண்டும். படிவம் எங்கே? மூன்று நகல் எங்கே? அசல் இல்லாமல் நகலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படித் தோற்க முடியும்? இந்த இயக்ககம் தொடங்கிப் பதினேழு ஆண்டுகளாக ஒரு போரைக்கூட நாம் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தயங்காமல் தோற்கத் தயாராகி வந்திருக்கிறோம். மக்களைக் காப்பாற்றுவது ராணுவத்தின் வேலை. மக்கள் ஒழுங்காகத் தோற்கிறார்களா என்று பார்ப்பது நம் வேலை."

எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சரணடைவைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு இயக்குநர் போய்விட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுப் போனிலும் 'முற்றுகை நண்பன்' என்ற செயலியை ஏற்றினார்கள். குஞ்சம்மாளிடம் மகள் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது; அதில் ஏற்றினார்கள். காலையிலும் மாலையிலும் குடும்பத்தின் பசியை நட்சத்திரங்களில் பதிய வேண்டும். சரணடைவு முதலான முக்கியக் காட்சிகளைப் படம் எடுத்து அனுப்புவதும் இதிலேயேதான்; எந்த இடத்தில் எடுத்தது என்பதை அதுவே குறித்துக்கொள்ளும்.

குஞ்சம்மாள் அப்போதுதான் களி தின்று முடித்திருந்தாள். நியாயமாக ஒரு நட்சத்திரமும் போடவில்லை. உடனே பதில் வந்தது: 'ஏற்கப்படவில்லை. முற்றுகையின் முதல் நாளில் குறைந்தது இரண்டு நட்சத்திரப் பசி கட்டாயம்.'

ஜெரால்ட் வாசலில் வந்து நின்று கெஞ்சினார். "அம்மா, கொஞ்சம் பசிங்கம்மா. பதினோரு வீட்டுலயும் இப்படித் திருப்தியா இருந்தா நான் மேல என்னன்னு சொல்லுவேன்?"

அடுப்புகளை அணைக்கச் சொன்னார்கள். மளிகை வாங்கப் போனவர்களைக் கயிற்றில் திருப்பி அனுப்பினார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வெளியே விடவில்லை. கறந்த பாலை எதிரிப்படை டீ போட எடுத்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் அதிகாரிகள் ஜேடர்பாளையத்து மீன் வறுவலைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். வாசனை பதினோரு வீட்டுக்கும் போயிற்று. சாயங்காலம் ஐந்து நட்சத்திரம் போட யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் சாவு. படிவம் 14-இன்படி ஏழு பேர் சாக வேண்டும். ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வீட்டில் தனியாக இருக்கிற பாப்பாயிக் கிழவி மட்டும், "சும்மா படுத்துக் கெடக்கறதுதானுங்களே, நான் சாவறனுங்க" என்று முன்வந்தாள். அவள் கழுத்தில் 'மரணம் - 1' என்று அட்டை கட்டி, ஆதார் எண்ணை வாங்கிப் பதிந்தார்கள். மீதி ஆறு பேருக்கு ஆடுகளை எழுதலாமா என்று அரைமணி நேரம் விவாதித்தார்கள். ஆடுகளுக்கு ஆதார் இல்லை என்பதால் கைவிட்டார்கள்.

மூன்று மணிக்குப் பாப்பாயியின் பழைய போன் கிணுகிணுத்தது. படிக்கச் சொல்லி நவீன்குமாரிடம் நீட்டினாள். அவன் படித்தான். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயனாளி இறந்துவிட்டபடியால் முதியோர் உதவித்தொகை இன்று முதல் நிறுத்தப்படுகிறதுன்னு வந்திருக்குதுங்க. ஆழ்ந்த இரங்கல்னும் போட்டிருக்குதுங்க."

"ஒத்திகைன்னுதானே சாமி சொன்னீங்க?"

"ஒத்திகைதாங்க பாட்டி. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களே."

ஜெரால்ட் ஓடிவந்தார். "பயப்படாதீங்கம்மா. உயிரோட இருக்கேன்னு நீங்களே நேர்ல விண்ணப்பிச்சுட்டா சரியாயிடும்." அங்கேயே உட்கார்ந்து தன் கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பினார். நெற்றியைச் சுருக்கினார். "விண்ணப்பதாரர் இறந்துவிட்டதால் விண்ணப்பத்தை ஏற்க இயலாதுன்னு வருதே..."

பாப்பாயி கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டே நின்றாள். கூட்டத்தில் நின்ற பச்சமுத்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே விளையாட்டுக்கு எழுதுகிறார்கள். வேறெங்கோ அது நிஜமாகிவிடுகிறது. கிழவிக்கு உயிர் போயிற்று. நாளைக்கு நம் முறை. நம்மிடம் என்ன இருக்கிறது எடுத்துக்கொள்ள? திரும்பித் தென்னை மரங்களைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை சரணடைவு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று நகல். நவீன்குமாரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார் பச்சமுத்து.

'கீழ்க்காணும் சர்வே எண்ணில் அமைந்துள்ள துறைமுக நகரத்தை, அதிலுள்ள கிணறு, மரங்கள், கால்நடை, கட்டடம் சகிதம், எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழுச் சுயநினைவோடு, வெற்றி பெற்ற தரப்பிடம் இன்று ஒப்படைக்கிறேன்.'

"நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

அது வீரம் இல்லை. பயம் தொண்டைவரை வந்து, அதற்கு மேல் போக இடமில்லாமல் வார்த்தையாக வெளியே விழுந்தது. கயிற்றண்டை காவலுக்கு நின்ற ஆட்கள் மட்டும், "அதிபர்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஜெரால்ட் தனியாக வந்து அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் அடித்தது. ஜெபமாலையைத் தொட்டுத் தொட்டு விரல் சிவந்திருந்தது.

"போட்டுருங்கய்யா. என் பொண்ணு ப்ளஸ் டூ பரீட்சை எழுதுது. இந்த நேரத்துல சரணடையலைன்னா என்னைக் கடல் இருக்கற ஊருக்கு மாத்திருவாங்க."

"ஒத்திகைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். இப்பவே போட்டுர்றேன்."

"அதுக்குக் கட்டம் இல்லைங்களே."

போன் மறுபடி அடித்தது; ஜெரால்ட் ஜெபமாலையைத் தொட்டு, பேசிவிட்டு வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் ஜெரால்ட். "நாலு மணிக்குள்ள சரணடையலைன்னா விதிப்படி இது தாக்கிப் பிடிச்ச நகரம் ஆயிரும். சரணடைஞ்ச நகரத்து ஜனங்களுக்கு, கையில தூக்கிட்டுப் போறதையாவது எடுத்துட்டுப் போக உரிமை உண்டு. தாக்கிப் பிடிச்ச நகரத்துல அதுவும் இல்லை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாலு மணிக்கு சைரனோடு இயக்குநரின் கார் வந்தது. அவர் நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். பின்னால் புகைப்படக்காரர், வீடியோக்காரர், மாலையும் சால்வையும் தூக்கிய இருவர். கீழே பச்சமுத்து குஞ்சம்மாளிடம், "பெரியவரு வந்துட்டாரு. அவருகிட்டயே கேட்டுப் பாக்கறேன். மனுசன்தானே" என்றார்.

"துண்டை இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றாள் அவள். அது காதில் விழுவதற்குள் அவர் படியேறிவிட்டார்.

எனக்கு வேண்டாம் சார், இது என் நிலம் சார், விட்டுவிடுங்கள் என்று நிமிர்ந்து நின்று சொல்வதாகத்தான் மனதில் இருந்தது. கறுப்புக் கண்ணாடி அவர் பக்கம் திரும்பியது. கழுத்தில் அடையாள அட்டை வெயிலில் பளபளத்தது. துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. இரண்டு கையிலும் அதை ஏந்தி, முதுகை வளைத்து, "சாமி, உட்டுருங்க சாமி. எனக்கு வேற ஒண்ணுமில்லீங்க சாமி" என்றார்.

புகைப்படக்காரர் படபடவென்று எடுத்துத் தள்ளினார்.

இயக்குநர் உருகிப்போனார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கள், எல்லோரும் நன்றாகப் பாருங்கள். இருபத்து மூன்று துறைமுகங்களில் சரணடைவைப் பார்த்துவிட்டேன். எல்லாம் நடிப்பு. ஒரு இடத்தில் மேயர் சிரித்துவிட்டார். ஒரு இடத்தில் கொடியைத் தலைகீழாகப் பிடித்தார்கள். இந்தப் பெரியவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? இல்லை! நம் மக்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பயமுறுத்தினால் போதும், தானாக வந்துவிடுகிறது. இதை நம்பித்தானே ஐயா நாம் நிர்வாகம் நடத்துகிறோம்!"

ஒப்பந்தம் என்னாயிற்று என்று யாரோ கேட்டார்கள். இணைப்பு ஆறின்படி, கையில் வெள்ளைத் துணியோடு இடக்குறிப்புள்ள ஒரு படம் இருந்தால் கையெழுத்து தேவையில்லை என்றார் இயக்குநர். நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நவீன்குமார் செயலியில் படத்தை ஏற்றினான். பச்சமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். சைரன் ஊதியது. கயிற்றை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சுண்ணாம்புக் கோடு மட்டும் போகவில்லை.

பங்குனியில் பச்சமுத்து உரக்கடனுக்காக நில நகல் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனார். கணினியின் முன்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"உரிமையாளர் பேரு 'வெற்றி பெற்ற தரப்பு'ன்னு இருக்குதுங்களே. அவியளா நீங்க?"

பச்சமுத்து எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது.

சேலத்தில் இயக்ககத்தின் மண்டல அலுவலகத்துக்கு நாலு தடவை போனார். ஜெரால்ட் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

"பரிசல்மேடு இப்ப எதிரி வசம் இருக்குங்கய்யா. அடுத்த நாட்டுச் சொத்துல நாங்க எப்படித் தலையிடறது?"

"எதிரி ஆருங்க சார்?"

"நவீன்குமார்."

"அந்தத் தம்பி எங்கீங்க?"

"ஒப்பந்தம் முடிஞ்சுது. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டதாச் சொன்னாங்க."

"அப்ப நம்மாளுக எப்பங்க சார் ஜெயிப்பாங்க?"

ஜெரால்ட் கோப்பைப் புரட்டினார். "மீட்புப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. படிவம் 15. இன்னும் அச்சாகலை. மேல கேட்டு எழுதினேன். தோல்விக்குத்தான் நிதி வந்திருக்கு, வெற்றிக்கு இந்த வருஷம் ஒதுக்கலைன்னு பதில் வந்துது."

சித்திரை பிறந்ததும் பதினோரு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. துறைமுகப் பகுதியில் அனுமதியின்றி வசித்துவரும் பொதுமக்கள் பதினைந்து நாட்களுக்குள் வெளியேற வேண்டும். கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றை எடுத்துச் செல்லலாம். கீழே 'எதிரிக்காக' என்று போட்டு ஜெரால்ட் கையெழுத்திட்டிருந்தார்.

பதினோரு நாட்கள் பச்சமுத்து ஒவ்வொரு தென்னையாகப் போய்த் தூக்கிப் பார்ப்பதுபோல் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் எந்த வண்டி வந்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். குஞ்சம்மாளுக்கு நிலத்தைவிட இவரைப் பற்றிய பயம் பெரிதாகிவிட்டது. மனுஷன் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பூச்சி மருந்து டப்பாவை எடுத்துப் பாப்பாயி வீட்டில் ஒளித்துவைத்தாள். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"மூணு நாளு நம்மளக் கயிறு கட்டி உக்கார வெச்சாங்களே. நாம போயி அவியளச் சுத்தி உக்காந்தா என்ன? நமக்குத்தான் பழகிப்போச்சே."

"நான் முன்னால வாரேன்" என்றாள் பாப்பாயி. "என்னையப் புடிச்சு என்ன பண்ணுவாங்க? செத்தவள எந்த ஜெயில்ல வெப்பாங்க?"

திங்கட்கிழமை காலை பதினோரு வீட்டாரும் பால் வண்டியில் ஏறிச் சேலத்துக்குக் கிளம்பினார்கள். போட்டுவிட்டுப் போன கயிறும் வண்டியில் இருந்தது. பச்சமுத்து வரமாட்டேன் என்றார். "கோவிச்சுக்குவாங்க குஞ்சு. இருக்கறதும் போயிரும்."

"இருக்கறது என்னங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் உருமால் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டினாள். அவர் குழந்தைபோல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு மண்டல அலுவலகத்தின் வாசலில் கயிறு கட்டி, அதன் குறுக்கே உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. அவர்களுக்குப் போடத் தெரியாது. பாப்பாயி 'மரணம் - 1' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். முற்றுகையிடப்பட்டால் என்ன செய்வது என்று இயக்ககத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பதினேழு வருடமாக அடுத்தவர்களுக்குத்தான் சொல்லிக் கொடுத்துவந்தார்கள்.

பதினொரு மணிக்கு டீக்காரரைக் கயிற்றில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது; அதையும் திருப்பினார்கள். ஒரு எழுத்தர் கதவைத் திறந்து, "சுகர் மாத்திரை போட்டிருக்கேம்மா, பசிக்குது" என்றார்.

"எத்தன நட்சத்திரமுங்க?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். கேட்டுவிட்டு, மனசு கேளாமல் தன் தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்று, கிழவியின் அட்டையைப் படித்துவிட்டு, யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஜெரால்ட் வெளியே வந்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. பச்சமுத்துவின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. தோளில் ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே தடவிவிட்டுக் கீழே இறங்கியது. ஆனால் முதுகு வளையவில்லை. ஏந்துவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் எப்படி வளைவது என்று அதற்குத் தெரியவில்லை.

"ஐயா, தயவுசெஞ்சு போயிருங்க. இயக்குநர் லைன்லயே இருக்கார். என்னைத் தொலைச்சுருவாருங்க." முகமெல்லாம் வியர்வை கொட்டியது. ஜெரால்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். துடைக்கக்கூட மறந்து, அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டார். "விட்டுருங்கய்யா. எனக்கு இந்த வேலையை விட்டா வேற ஒண்ணுமில்லைங்க."

வெள்ளைக் கைக்குட்டை.

குஞ்சம்மாளின் போனில் 'முற்றுகை நண்பன்' இன்னும் இருந்தது. இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அது பசியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் எழுந்து நின்று, அலுவலகத்தின் பெயர்ப்பலகையும் தெரியும்படி நிதானமாக ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.

போன் உடனே கிணுகிணுத்தது. அவள் அதைக் கணவரிடம் நீட்டினாள். பச்சமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'நன்றி. தங்கள் சரணடைவுப் படம் ஏற்கப்பட்டது. இடம்: மண்டல அலுவலகம், சேலம். கட்டடம், வாகனம், கோப்புகள் அனைத்தும் வெற்றி பெற்ற தரப்புக்கு மாற்றப்படுகின்றன. இப்பதிவை ரத்து செய்ய இயலாது.'

ஜெரால்டும் எட்டிப் படித்தார். உள்ளே எல்லா மேஜையிலும் போன்கள் அடிக்கத் தொடங்கின.

பச்சமுத்துவுக்கு அப்போதும் பயமாகத்தான் இருந்தது.

"சார், கோவிச்சுக்காதீங்க. தெரியாமத்தான் கேக்கறேன். இந்தக் கட்டடம் இப்ப ஆருதுங்க?"

ஜெரால்ட் கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.